பட்டாளத்தில் இன்ஜினீயருக்கு என்ன வேலை?

(சேலம், ஏற்காடு, ஆத்தூர் பக்கத்திலிருந்து ராணுவத்தில் பொறியாளராகச் சேர்வது பற்றி நிறையக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. ராணுவத்தின் ஈ.எம்.ஈ. (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் மெக்கானிக்கல் இன்ஜினீயர்ஸ்) பிரிவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஏற்காட்டில் காபித் தோட்டம் பார்த்துக்கொண்டிருக்கும் நம் பத்தியாளர், இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறார்.)

மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிக்கிறேன். கேம்பஸில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி எடுத்திருக்கிறது, எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. பி.இ. படித்தவர்களை நேராக ராணுவ அதிகாரியாக எடுக்கும் டி.ஜி.சி. (டெக்னிக்கல் கிராஜுவேட் கோர்ஸ்) எழுதலாம் என்றிருக்கிறேன். வீட்டில் "நாலு வருஷம் இன்ஜினீயரிங் படிச்சிட்டுத் துப்பாக்கி தூக்கப் போறியா" என்கிறார்கள். பட்டாளத்துக்குப் போனால் படித்த படிப்பு வீண்தானா, சார்?
— கே., சூரமங்கலம்

டி.ஜி.சி.க்கு "எழுத" ஒன்றும் இல்லை தம்பி, எழுத்துத் தேர்வே கிடையாது. விண்ணப்பம் போட்டால் உங்கள் பி.இ. மதிப்பெண் சதவீதத்தைப் பார்த்து, துறைவாரியாக ஒரு கட்-ஆஃப் வைத்து, நேராக எஸ்.எஸ்.பி. (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் சர்வீசஸ் செலக்‌ஷன் போர்டு) தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். கடைசி வருஷம் படிக்கிறவர்களும் போடலாம். வயது 20 முதல் 27, ஆண்கள் மட்டும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. தேறினால் டேராடூன் ராணுவ அகாடமியான ஐ.எம்.ஏ.வில் ஒரு வருஷப் பயிற்சி, முடித்ததும் லெப்டினன்ட், நிரந்தரக் கமிஷன், அதாவது ஓய்வு வயது வரை பணி. ஆனால் இடம் ரொம்பக் குறைவு, சமீப காலமாக ஒரு பேட்ச்சுக்கு முப்பதைச் சுற்றித்தான் வருகிறது. அதனால் எஸ்.எஸ்.சி. (ஷார்ட் சர்வீஸ் கமிஷன், குறிப்பிட்ட வருஷங்களுக்கான அதிகாரிப் பணி) டெக்னிக்கல் அறிவிப்பு வரும்போது அதற்கும் சேர்த்துப் போட்டு வையுங்கள். அதில் ஆண்களுக்கு 350 இடம் வரை வருகிறது.

வீட்டில் கேட்டதற்கு வருவோம். துப்பாக்கி தூக்கத்தான் வேண்டும். நீங்கள் முதலில் சிப்பாய், அப்புறம்தான் இன்ஜினீயர், இதை வீட்டில் பூசி மெழுகாமல் சொல்லிவிடுங்கள். அகாடமியில் மெக்கானிக்கலுக்கு ஒரு ஓட்டம், காலாட்படைக்கு ஒரு ஓட்டம் என்று பிரித்து வைக்கவில்லை, எல்லாருக்கும் ஒரே மூட்டை, ஒரே மேடு.

அதைத் தாண்டி வந்தால் உங்கள் மாதிரி ஆட்களுக்கு முக்கியமாக மூன்று வீடுகள் இருக்கின்றன. இன்ஜினீயர்ஸ் பிரிவு, அதாவது சாப்பர்கள்: பாலம், சாலை, கண்ணிவெடி அகற்றுவது, ராணுவக் கட்டடங்கள். சிக்னல்ஸ்: ரேடியோ, ஆப்டிக்கல் ஃபைபர், சாட்டிலைட் என்று ராணுவத்தின் பேச்சு முழுவதும் அவர்கள் கையில். மூன்றாவது ஈ.எம்.ஈ., நான் இருந்த இடம். டாங்க், பீரங்கி, லாரி, ராடார் என்று ராணுவத்தில் எது ஓடினாலும் சுழன்றாலும், அது நின்றுபோனால் திரும்ப ஓட வைக்க வேண்டியது எங்கள் பாடு. புனேயில் சி.எம்.ஈ., மாவ் நகரில் எம்.சி.டி.ஈ., செகந்திராபாத்தில் எம்.சி.ஈ.எம்.ஈ. என்று மூன்றுக்கும் தனித்தனிக் கல்லூரி உண்டு. கொஞ்ச வருஷம் போனபின், நன்றாகச் செய்தால், சம்பளத்தோடு ஐ.ஐ.டி.யில் எம்.டெக். படிக்கவும் அனுப்புவார்கள். வெளியே எத்தனை கம்பெனி இதைச் செய்யும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

படிப்பு வீணா என்றால், ஒன்று சொல்கிறேன். லடாக்கில் ஒரு ஃபீல்டு ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். ஜனவரி மாத ராத்திரி, கான்வாயில் வந்த லாரி ஒன்று ஏற்றத்தில் நின்றுவிட்டது என்று சேதி வந்து ரெக்கவரி வண்டியோடு போனோம். செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. என்னோடு வந்த ஹவில்தார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், பத்தாவது வரை படித்தவர். ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே டீசல், மார்கழியில் ஏற்காட்டு வீட்டில் தேங்காய் எண்ணெய் மாதிரி, வெள்ளையாகக் கட்டியிருந்தது. டீசலில் இருக்கும் பாரஃபின் மெழுகு குளிரில் பிரிந்து வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். கிளவுட் பாயின்ட், போர் பாயின்ட் என்று கல்லூரியில் நாம் இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்தது இதைத்தான். கிளம்பும்போதே ஒரு புது ஃபில்டரை எடுத்துத் தன் கோட்டுக்குள், நெஞ்சோடு வைத்துச் சூடு ஆறாமல் கொண்டுவந்திருந்தார் மனுஷன். அதை மாட்டினோம், வெந்நீரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றிச் சுற்றி எடுத்தோம், டேங்கில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றினோம், சிஸ்டத்தில் இருந்த காற்றை எடுத்தோம். விடிவதற்குள் வண்டி மேலே போய்விட்டது. (இந்தத் தொல்லைக்காகவே 2019-ல் இந்தியன் ஆயில், மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை லடாக்குக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பெல்லாம் மண்ணெண்ணெய்தான் தெய்வம்.)

அந்த வண்டி போனால்தான் மேலே போஸ்ட்டில் இருக்கிறவனுக்கு அடுப்பு எரியும். உங்கள் இன்ஜினீயரிங் சரியா தப்பா என்று சொல்ல அங்கே அப்ரைசல் ஃபாரம் எல்லாம் கிடையாது, இன்ஜின் பிடித்ததா இல்லையா, அவ்வளவுதான். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதில் இந்த மாதிரி ஒரு பொறுப்பையும், அதைச் செய்ய முப்பது நாற்பது கைதேர்ந்த ஆட்களையும் எந்த கம்பெனியும் உங்களை நம்பிக் கொடுக்காது. எனக்கு இந்த வேலையில் நிறைவு என்று ஒன்று கிடைத்தது இதில்தான்.

இதன் மறுபக்கத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். பாதி நேரம் நீங்கள் இன்ஜினீயரே இல்லை. கணக்குப் பரிசோதனை, லீவு பட்டியல், விசாரணை, கேன்டீன் சரக்கு, விளையாட்டுப் போட்டி, பெரிய அதிகாரி வருகிறார் என்றால் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பதை மேற்பார்வை பார்ப்பது வரை எல்லாம் தலையில் விழும். பதவி ஏற ஏற ஸ்பேனர் தூரமாகப் போய்க் காகிதம் கிட்டே வரும். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டைக் கட்டித் தூக்க வேண்டும். இன்னொன்று, ராணுவத்தில் இருக்கிற இன்ஜினீயர் புதிதாக டிசைன் செய்வது குறைவு, இருப்பதை ஓட வைப்பதுதான் பெரும்பகுதி. உங்களுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு கியர்பாக்ஸை வரைந்து, அதை மாற்றி மாற்றிப் பார்ப்பதில்தான் ருசி என்றால் கேட் தேர்வு எழுதி, ராணுவத்துக்கான ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வுக்குப் போங்கள், அர்ஜுன் டாங்க்கை வடிவமைத்த அதன் ஆய்வகம் சி.வி.ஆர்.டி.ஈ. நம் ஆவடியிலேயே இருக்கிறது. நின்ற வண்டியைப் பார்த்தால் பானெட்டைத் திறக்கக் கை துறுதுறுக்கிற ஆள் என்றால் பட்டாளத்துக்கு வாருங்கள். இரண்டில் நீங்கள் எது என்பது உங்களுக்கே தெரியும்.

கேம்பஸ் வேலையை இப்போதைக்கு விட்டுவிடாதீர்கள். விண்ணப்பம், எஸ்.எஸ்.பி., மெடிக்கல், மெரிட் லிஸ்ட் என்று இழுத்துக்கொண்டே போகும், அதுவரை வீட்டில் கை ஏந்த வேண்டாம்.

அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடிக்கப் போகிறேன். மாமா அக்னிவீர் போகச் சொல்கிறார். நல்லதா?
— ச., அம்மாபேட்டை

மாமா சொல்வதில் தப்பில்லை, ஆனால் முழுக் கணக்கையும் போட்டுப் பார்த்தாரா என்று தெரியவில்லை. அக்னிவீர் நாலு வருஷம். சம்பளம் முதல் வருஷம் மாதம் 30,000, நாலாவது வருஷம் 40,000. அதில் முப்பது சதவீதம் பிடித்து, அரசு அதே அளவு போட்டு, கடைசியில் வட்டியோடு கிட்டத்தட்ட 11.71 லட்சம் கையில் தருவார்கள். பென்ஷன் இல்லை. நாலு வருஷம் முடிந்ததும் நாலில் ஒருவரைத்தான் தொடர வைப்பார்கள், மீதி மூன்று பேர் வெளியே. டிப்ளமோ, ஐ.டி.ஐ. இருந்தால் தேர்வில் கூடுதல் மதிப்பெண் உண்டு, விமானப் படையின் அக்னிவீர் வாயுவிலும் மூன்று வருஷ டிப்ளமோவை ஏற்றுக்கொள்கிறார்கள். சேலம் மாவட்டத்துக்குக் கோயம்புத்தூர் ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகம்தான்.

என்னைக் கேட்டால், டிப்ளமோ கையில் இருக்கிறவனுக்கு இதைவிட நல்ல கதவுகள் இரண்டு உண்டு, நம் ஊரில் யாரும் அதைத் தட்டுவதே இல்லை.

ஒன்று, கடலோரக் காவல் படையில் யாந்திரிக் பணி. மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோக்காரர்களுக்கென்றே இருப்பது. வயது 18 முதல் 22. அடிப்படைச் சம்பளம் 29,200, அதற்கு மேல் யாந்திரிக் படி 6,200, அகவிலைப்படி தனி. இது அக்னிவீர்களை எடுக்கும் அக்னிபத் திட்டத்துக்குள் வராது, அதாவது நாலு வருஷத்தில் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். கப்பல் இன்ஜின் அறையில் உங்கள் டிப்ளமோ தினமும் வேலை செய்யும். சேலத்துக்காரனுக்குக் கடல் என்றால் மேட்டூர் அணைதான் என்று நினைத்துக்கொண்டு இதை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது வழி கொஞ்சம் நீளம், ஆனால் உங்கள் வயதுக்கு அதுதான் சரி என்பேன். லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் வருஷம் சேருங்கள். டிப்ளமோவில் நல்ல மார்க் இருந்தால் கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரியையே குறிவைக்கலாம், கட்டணமும் தாங்கும் அளவில் இருக்கும். முடிக்கும்போது வயது இருபத்து ரெண்டு, இருபத்து மூணு. அதிகாரியாகப் போக 27 வரை நேரம் இருக்கிறது. நான் பார்த்த நல்ல ஈ.எம்.ஈ. அதிகாரிகளில் சிலர் இப்படி டிப்ளமோ வழியாக வந்தவர்கள், அவர்களுக்கு லேத்தில் நிற்கத் தெரியும், ஆட்கள் அவர்களிடம் கதை விட முடியாது. நீங்கள் தறிக்காரர் பிள்ளை வேறு, ராத்திரி தறி நின்றால் அப்பா சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்வதைப் பார்த்து வளர்ந்திருப்பீர்கள், அந்தக் காது எங்கள் வேலைக்கு ரொம்பப் பயன்படும்.

வீட்டு நிலைமை மூன்று வருஷம் தாங்காது என்றால் யாந்திரிக். அதுவும் கிடைக்கவில்லை என்றால் அக்னிவீர், மாமா சொல்படி.

என் மகன் பிளஸ் டூ. நேராக ராணுவத்தில் சேர்ந்து அங்கேயே பி.டெக். படிக்கலாமாமே, உண்மையா? செலவு எவ்வளவு?
— ஒரு தந்தை, ஆத்தூர்

உண்மை. டி.ஈ.எஸ். (டெக்னிக்கல் என்ட்ரி ஸ்கீம்) என்று பெயர். இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து 60 சதவீதம் வேண்டும், ஜே.ஈ.ஈ. மெயின் எழுதியிருக்க வேண்டும், வயது 16½ முதல் 19½. மூன்று வருஷம் மேலே சொன்ன மூன்று கல்லூரிகளில் ஒன்றில், நாலாவது வருஷம் டேராடூனில். செலவு அரசாங்கத்துடையது, உங்களுக்கு ரயில் டிக்கெட்டும் டிரங்குப் பெட்டியும்தான். கடற்படையிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது, படிப்பு கேரளாவில் எழிமலை அகாடமியில், அதற்கும் ஜே.ஈ.ஈ. ரேங்க்தான்.

தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் சேர பிளஸ் டூ மார்க்கே போதும் என்பதால் பையன்கள் ஜே.ஈ.ஈ. பக்கமே போவதில்லை, இந்த வாசல் அங்கேயே சாத்திக்கொள்கிறது. ஐ.ஐ.டி. கனவு இல்லாவிட்டாலும் விண்ணப்பத்தைப் போட்டு ஒரு தடவை எழுத வையுங்கள்.

சேலம் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒருவர், "மேலிடத்தில் ஆள் இருக்கிறது, நாலு லட்சம் கொடுத்தால் டெக்னிக்கல் பிரிவில் போட்டுத் தருகிறேன்" என்கிறார். நம்பலாமா?
— பெயர் வேண்டாம், ஓமலூர்

நம்பக் கூடாது. போலீஸில் சொல்லுங்கள். அந்த நாலு லட்சத்தில் ஒரு மாட்டுப் பண்ணை போடலாம்.

எஸ்.எஸ்.பி. என்றாலே பயமாக இருக்கிறது. பத்தாவது வரை தமிழ் மீடியம். இங்கிலீஷ் தடுமாறும். கோச்சிங் போகலாமா?
— வி., கொண்டலாம்பட்டி

ஐந்து நாள் தேர்வு அது. முதல் நாள் ஒரு சின்ன அறிவுத் தேர்வு, ஒரு மங்கலான படத்தைக் காட்டி அதற்குக் கதை எழுதி, குழுவாகப் பேசச் சொல்வார்கள். அதிலேயே பாதிக்கு மேல் சாயங்கால ரயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். தங்கினவர்களுக்கு மறுநாள் மனோதத்துவத் தேர்வு: பதினைந்து விநாடிக்கு ஒரு வார்த்தை என்று அறுபது வார்த்தை திரையில் வரும், பார்த்ததும் தோன்றுவதை ஒரு வரியில் எழுத வேண்டும். அப்புறம் வெளியில் குழு வேலைகள், ஒரு தனி நேர்காணல், கடைசி நாள் எல்லாரும் உட்கார்ந்து முடிவு.

வெளி வேலையில் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பலகை, ஒரு மரக்கட்டை, ஒரு கயிறு, இவ்வளவுதான் தருவார்கள். தரையில் சில கம்பங்கள் நட்டிருக்கும், இடையில் சில இடங்களைத் தொடவே கூடாது. ஒரு டிரம்மையும் தூக்கிக்கொண்டு எட்டுப் பத்துப் பேர் அக்கரை போக வேண்டும். நெம்புகோலும் கான்டிலீவரும் படித்த இன்ஜினீயர் பையனுக்கு இது லட்டு மாதிரி கிடைக்க வேண்டியது, ஆனால் நிறையப் பேர் விடையை மனசுக்குள் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்பார்கள், இல்லாவிட்டால் அடுத்தவன் பேசுவதைக் கேட்காமல் கத்துவார்கள். பார்க்கிறவர் உங்கள் விடையை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. பலகை வழுக்கினபோது யார் ஓடிப்போய்ப் பிடித்தான், குள்ளமான பையன் தாண்ட முடியாமல் நின்றபோது யார் கை கொடுத்தான், அதைத்தான் குறித்துக்கொள்வார்.

இங்கிலீஷ் தடுமாறினால் பரவாயில்லை, நின்றுபோகக் கூடாது. இலக்கணம் தப்பினாலும் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட வேண்டும். அதற்குத் தினமும் கொஞ்ச நேரம் ஒரு நண்பனோடு இங்கிலீஷில் சண்டை போட்டுப் பாருங்கள், அதுவே பெரிய பயிற்சி. கோச்சிங் போனால் தேர்வின் முறை பழகும், அது நல்லதுதான், ஆனால் அங்கே கொடுக்கிற "மாதிரி விடை"யை மனப்பாடம் செய்து போகிறவனை மனோதத்துவக்காரர் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார், அவர் ஒரே விடையை நூறு தாளில் பார்க்கிறவர். முதல் தடவை போகும்போது ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள், டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு தடவையில் ஆகாவிட்டால் மறுபடியும் போகலாம், மூணாவது, நாலாவது தடவையில் தேறினவர்கள் எல்லா யூனிட்டிலும் இருக்கிறார்கள்.

என் தாத்தா பெங்களூரில் "தம்பி பட்டாளத்தில்" இருந்ததாகச் சொல்வார். அது எது?
— ப., செவ்வாப்பேட்டை

மெட்ராஸ் சாப்பர்ஸ். 1780-ல் தொடங்கிய படை, மையம் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில். அந்த ஆட்களை ராணுவம் முழுக்கத் "தம்பி" என்றுதான் கூப்பிடும். முள்வேலியை வெடித்து வழி பண்ணும் பெங்களூர் டார்பிடோ என்ற குழாய் 1912-ல் அங்கேதான் உருவானது. இரண்டாம் உலகப் போரில், 1944 பிப்ரவரியில், இத்தாலியில் கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றிய சுபேதார் சுப்ரமணியம் இந்தப் படைக்காரர், காஞ்சிபுரம் பக்கத்தவர். ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகம் வீட்டில் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

ஈ.சி.இ. மூன்றாம் வருஷம் படிக்கிறேன். சிக்னல்ஸ் பிரிவில் சேர ஆசை. அம்மா "பொம்பளைப் பிள்ளைக்கு அங்க மேஜை வேலைதான் குடுப்பாங்க, அதுக்கு இங்கேயே பேங்க் பரீட்சை எழுது" என்கிறார்.
— ர., நாகலூர், ஏற்காடு

அம்மாவுக்கு வயநாட்டைக் காட்டும்மா. 2024 ஜூலை 30-ம் தேதி அங்கே மலை சரிந்து சூரல்மலையில் பாலம் அடித்துக்கொண்டு போனது. அக்கரையில் இருந்த ஊருக்கு ஜே.சி.பி. போக வழியில்லை. மேலே சொன்ன மெட்ராஸ் சாப்பர்கள் பெங்களூரிலிருந்து வந்து 190 அடி நீளத்துக்கு ஒரு பெய்லி பாலம் போட்டார்கள், ஆகஸ்ட் 1-ம் தேதி சாயங்காலம் அதன் மேல் வண்டி போனது. தாங்கும் எடை 24 டன். அந்த வேலையை முன்னால் நின்று நடத்திய மேஜர் சீதா ஷெல்கே ஒரு மெக்கானிக்கல் இன்ஜினீயர்.

பெய்லி பாலம் எப்படிப் போடுவார்கள் தெரியுமா? பத்தடி நீள இரும்புப் பேனல்கள், ஒவ்வொன்றும் கால் டன் எடை, ஆறு பேர் சேர்ந்து கையால் தூக்குவார்கள். பின் அடித்து ஒன்றோடொன்று மாட்டி, உருளைகள் மேல் வைத்து, இந்தக் கரையிலிருந்தே அந்தக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். முன்பக்கம் ஆற்றுக்குள் சாயாமல் இருக்க, பின்பக்கம் எப்போதும் எடை அதிகமாக இருக்க வேண்டும், அந்தக் கணக்கு ஒரு பேனல் தப்பினாலும் பாலம் தண்ணீரில். வயநாட்டில் நீளம் அதிகம் என்பதால் நடுவில் ஒரு தூணும் வைத்தார்கள். மழை, சேறு, பக்கத்திலேயே பிணங்களை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அதற்கு நடுவில் இந்தக் கணக்கு. இதை மேஜை வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதே வருஷம் டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு நம் மலைப்பாதையில் மண் சரிந்து நாம் பட்ட பாடு அம்மாவுக்கும் மறந்திருக்காது.

உனக்கு வழி எஸ்.எஸ்.சி. டெக்னிக்கல் பெண்கள் பிரிவு. இடம் ஒவ்வொரு தடவையும் முப்பதைச் சுற்றித்தான், போட்டி கடுமை. குறைந்தபட்ச உயரம் 152 செ.மீ. சேர்ந்தபின் நிரந்தரக் கமிஷனும் கேட்கலாம், 2020-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்தக் கதவை அகலத் திறந்தது. இன்னும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஒரு பெண் அதிகாரியை முதல் தடவை பார்க்கிற யூனிட்டில் அவள் ரெண்டு மடங்கு நிரூபிக்க வேண்டியிருக்கிறது, அது அநியாயம்தான். தினமும் ஓடிப் பழகு. நாகலூரில் இருந்துகொண்டு மேடு இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

பேங்க் பரீட்சையும் எழுது, அது ஒன்றும் பாவமில்லை.

ஒரே பையன் சார். தேறிவிட்டான், மெடிக்கலும் முடிந்தது. எல்லாரும் வாழ்த்துகிறார்கள், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இன்ஜினீயர் என்றால் எல்லைக்கு அனுப்ப மாட்டார்கள்தானே?
— ஒரு தாய், கன்னங்குறிச்சி

அனுப்புவார்கள் அம்மா. உங்கள் மனசு ஆறட்டும் என்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கே வண்டி இருக்கிறதோ, ரேடியோ இருக்கிறதோ, அங்கே அதைப் பார்க்கிறவனும் இருக்க வேண்டும். ஒரு தடவை எல்லைப் பகுதி என்றால் அடுத்து பெரும்பாலும் அமைதியான ஊர், மாறி மாறித்தான் வரும். வருஷத்துக்கு இரண்டு மாதம் லீவு உண்டு, கூடவே சின்னச் சின்ன லீவும் உண்டு, கிடைக்கும் நாளில்தான் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். அமைதி ஊரில் குடும்பத்தோடு இருக்கலாம், நீங்களும் போய்த் தங்கலாம்.

இப்போதே ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தால் நாலைந்து நாள் போன் வராது, அது வழக்கம்தான் என்று. என் அம்மா முதல் வருஷம் முழுக்க, போன் வராத நாளெல்லாம் சாப்பிடாமல் இருந்ததாக அப்பா ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார்.

எஸ்.எஸ்.சி.யில் பத்து வருஷம் முடித்து வெளியே வந்தால் என்ன செய்வது? முப்பத்தைந்து வயதில் சேலத்தில் யார் வேலை தருவார்கள்?
— த., அஸ்தம்பட்டி

பத்து வருஷம், வேண்டுமானால் இன்னும் நாலு வருஷம் நீட்டிக்கலாம், தகுதி இருந்தால் நிரந்தரமும் கேட்கலாம். நடுவில் வந்தால் பென்ஷன் இல்லை, பணிக்கொடை உண்டு. சம்பளம் லெப்டினன்ட்டுக்கு அடிப்படை 56,100, ராணுவச் சேவைப் படி 15,500, மேலே அகவிலைப்படி என்று போகும், சாப்பாடு, வீடு, மருத்துவம் பெரிய செலவாக இருக்காது என்பதால், கார் மோகம் பிடிக்காதவன் பத்து வருஷத்தில் நன்றாகவே சேர்க்கலாம். சேர்க்காமல் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குத்தான் முப்பத்தைந்து வயது கசக்கிறது.

வேலையைப் பொறுத்தவரை, சும்மா "ராணுவ அதிகாரி" என்று போய் நின்றால் செக்யூரிட்டி மேனேஜர் வேலைதான் கொடுப்பார்கள். இன்ஜினீயராக வெளியே வர வேண்டும் என்றால் உள்ளே இருக்கும்போதே அதற்கான காகிதத்தைச் சேர்க்க வேண்டும்: எம்.டெக்., தர மேலாண்மை, சப்ளை செயின், ஏதாவது ஒன்று. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், திருச்சியோடு சேலமும் ஒரு முனை, 2019-ல் தொடங்கினது. சேலம் முனை இன்னும் மற்ற ஊர்கள் அளவுக்குச் சூடு பிடிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம், இப்போதைக்கு ஓசூரையும் கோவையையும் பாருங்கள். ராணுவத்துக்குப் பாகம் செய்து விற்க நினைக்கிற சிறு தொழிற்சாலைக்காரருக்கு, அந்தப் பாகம் களத்தில் எப்படி உடைகிறது என்று தெரிந்த ஆள் கிடைத்தால் விட மாட்டார். அரசு வேலைகளில் முன்னாள் படைவீரர் சலுகைகளுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயர் பதிய வேண்டும், வந்த கையோடு செய்துவிடுங்கள்.

சிவில் இன்ஜினீயர் நான். எஸ்.எஸ்.பி.யில் தேறி, மெடிக்கலில் தட்டைப் பாதம் என்று தள்ளிவிட்டார்கள். எல்லாம் முடிந்ததா?
— ஜெ., தாரமங்கலம்

இல்லை. முதலில், நுனிக்காலில் நின்று பாருங்கள். அப்போது உள்ளங்கால் வளைவு தெரிந்தால் அது நெகிழ்வான தட்டைப் பாதம், அப்பீலில் தேற வாய்ப்பு உண்டு. எலும்பு மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிட்டு அப்பீல் மெடிக்கல் போர்டுக்கு மனு போடுங்கள், அதற்கு மேல் ரிவ்யூ போர்டும் இருக்கிறது. மனு போட வேண்டிய கெடு உங்களுக்குக் கொடுத்த தாளிலேயே இருக்கும், ஒரு நாள் தள்ளினாலும் எடுக்க மாட்டார்கள், ஆகவே இதைப் படித்ததும் அந்தத் தாளைத் தேடுங்கள்.

அங்கேயும் ஆகாவிட்டால் சீருடை இல்லாமல் அதே வேலையைச் செய்யலாம். யூ.பி.எஸ்.சி. இன்ஜினீயரிங் சர்வீஸ் தேர்வு எழுதி, ராணுவக் கட்டடங்களைக் கட்டிப் பராமரிக்கும் எம்.ஈ.எஸ்.ஸில் (மிலிட்டரி இன்ஜினீயர் சர்வீசஸ்) அதிகாரியாகப் போகலாம், ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் (இதையும் எஸ்.எஸ்.சி. என்றுதான் சொல்வார்கள், மேலே சொன்னது வேறு) நடத்தும் ஜூனியர் இன்ஜினீயர் தேர்வில் எம்.ஈ.எஸ்., எல்லைச் சாலைகள் அமைப்பு இரண்டுக்கும் ஆள் எடுக்கிறார்கள். ரோத்தாங்கில் 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப் பாதையை முடித்தது அந்த எல்லைச் சாலைகள் அமைப்புதான். எல்லைச் சாலைகளுக்கும் தனியாக உடல் தகுதி பார்ப்பார்கள், எம்.ஈ.எஸ்.ஸில் அந்தக் கெடுபிடி குறைவு. நீங்கள் சிவில் என்று எழுதியிருப்பதால் எம்.ஈ.எஸ்.ஸை முதலில் வையுங்கள்.